வீட்டுக்குள் தனியறை ஏது?

வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் மனநலக் கவுன்சலிங் எடுக்கலாம், பெற்றோருக்குப் பெரிய வசதி என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வசதிதான். ஆனால் எங்களுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. ஹாலில் மாமியார் சீரியல் பார்ப்பார், அறையில் பத்தாம் வகுப்புப் பையன் படிப்பான். அவன்மேல் நான் எரிந்து விழுவதைப் பற்றித்தான் பேசவே வேண்டும். அவன் காதுபடவா பேசுவது? கடைசியில் துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பேசினேன். நாற்பது நிமிடமும் ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது.

முதலில் ஒரு செயலியில் பணம் கட்டினேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், கல்யாணக் கதையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது தடவையோடு விட்டுவிட்டேன். பணம் கட்டும் முன், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் 14416 தெரிய வந்தது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சாதாரண போன் போதும். கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது குறைதான்.

பையன் பள்ளிவிட்டு வந்ததும் மார்க் பற்றி எடுக்காதீர்கள், முதலில் சாப்பிடட்டும் என்று அந்த எண்ணில் பேசியவர்கள் சொன்னார்கள். இதற்கு ஒரு போனா என்று தோன்றியது. ஆனால் அதைச் செய்யத்தான் எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

வீட்டுக்காரர் இன்னும் “நமக்கென்ன பைத்தியமா?” என்றுதான் கேட்கிறார்.