கையெழுத்து சேர்ந்தால் ஹேக்கில் வழக்கா?

"10 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஹேக் நீதிமன்றம் வழக்கை எடுத்தே ஆக வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. அப்படி ஒரு விதியே கிடையாது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பது ஒரே ஒரு நீதிமன்றம் மட்டும் அல்ல. சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். அதன் சட்டத்தின் 34ஆம் பிரிவைப் பாருங்கள். தனிநபர்களை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் வேறு. அதன் வழக்குத் தொடுநருக்குத் தன்னார்வ அமைப்புகளும் தனிநபர்களும் தகவல் அனுப்பலாம் (அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனம், 15ஆம் பிரிவு). ஆனால் அந்தத் தகவலின் பேரில் விசாரணை தொடங்க நீதிபதிகளின் அனுமதி வேண்டும். அங்கே எடுபடுவது சாட்சியமும் ஆவணமும்தான், கையெழுத்து எண்ணிக்கை அல்ல. இந்தியாவும் இலங்கையும் அந்தச் சாசனத்தில் சேரவும் இல்லை.

இரண்டு சட்டங்களும் அந்தந்த நீதிமன்றத் தளத்திலேயே கிடைக்கின்றன. நல்ல எண்ணத்தில்தான் பகிர்கிறார்கள், சரி. ஆனாலும் இதை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.