அம்பாசடரின் அடிப்பூச்சை நீக்குவது பற்றி ஒரு திருத்தம்

அம்பாசடர் காரின் அடியில் உள்ள பழைய தார்ப்பூச்சின் மீது பெட்ரோலை ஊற்றி, ஆங்கிள் கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டித் தேய்த்தால் ஒரே நாளில் தகரம் பளிச்சென்று வந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருப்பதை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; காருக்கு அடியிலும் சர்வீஸ் பள்ளத்திலும் தேங்கி நிற்கும் அந்த ஆவிக்குக் கிரைண்டரின் ஒரு பொறி போதும், கீழே படுத்திருப்பவருக்கு வெளியே வர அவகாசமே இருக்காது.

பெட்ரோலை விட்டுவிட்டாலும் அந்த முறை சரியல்ல. சுழலும் பிரஷ்ஷின் சூட்டில் தார் இளகிக் கம்பிகளில் அப்பிக்கொள்ளும். அதன்பின் பிரஷ் எதையும் சுரண்டாது, தாரைத் தகரமெங்கும் இழுகிவிடும். பழைய பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருந்ததால், காய்ந்த பூச்சைத் தூளாகப் பறக்கவிடுவது நுரையீரலுக்கும் கேடு.

பெட்ரோல் டேங்கையும் குழாய்களையும் முதலில் கழற்றிவிட்டு, ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) குறைந்த சூட்டில் காட்டி, புகை எழாத அளவுக்குப் பூச்சு இளகியதும் பட்டி பார்க்கும் தகட்டால் உரித்தால் அது பட்டை பட்டையாக வரும். தகரம் நன்றாக ஆறிய பிறகே மிச்சப் பிசுக்கை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அம்பாசடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத்தகடும் அதில் பெட்டிபோல் மடிக்கப்பட்ட மடிப்புகளுமே பாரத்தைத் தாங்குகின்றன என்பதால், அந்த மடிப்புகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டி, மந்தமான ஓசை வரும் இடங்களில் துரு இருக்கிறதா என்று பார்க்காமல் புதுப்பூச்சு அடிக்கக் கூடாது.