கேட்டு எழுதினால் வேலை போய்விடாது

"நேர்முகத் தேர்வு முடிந்தபின் நாமாகக் கேட்டு எழுதினால், கெஞ்சுகிறான் என்று பெயரை அடித்துவிடுவார்கள்" என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். அது சரியில்லை. காலையில் ஓர் அழைப்பு, மாலையில் ஒரு வாட்ஸ்அப், மறுநாள் கம்பெனி கேட் அருகே போய் நிற்பது என்று துரத்தினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒரு மரியாதையான மின்னஞ்சலுக்கு வராது.

மணலி, மாதவரம் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் ஆள் எடுப்பவரே சம்பளக் கணக்கையும் பார்ப்பார். வேலை மிகுதியில் உங்கள் விண்ணப்பம் அவர் மேசையிலேயே கிடக்கலாம்; ஒரு மின்னஞ்சல் அதை நினைவூட்டும்.

நேர்முகத் தேர்வு நடந்த அன்றோ மறுநாளோ நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள். முடிவு சொல்வதாக அவர்கள் சொன்ன தேதி கடந்தபின் இரண்டு மூன்று வேலைநாள் பொறுத்து, இப்படி எழுதுங்கள்: "ஐயா, வணக்கம். கடந்த செவ்வாயன்று கிடங்குக் கணக்கர் பணிக்கான நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தேன். முடிவு எப்போது தெரியும் என்று அறிய விரும்புகிறேன். வேறு சான்றிதழ் தேவையென்றால் அனுப்புகிறேன்." வீட்டுக் கஷ்டம், தங்கை கல்யாணம் எல்லாம் அதில் வேண்டாம். தலைப்பு வரியில் பணியின் பெயரும் தேதியும் இருக்கட்டும். வெறும் 'வணக்கம்' என்று போட்டால் யார் திறப்பார்கள்?

அரசுத் தேர்வுக்கு வேண்டுமானால் நண்பர் சொல்வது ஓரளவு பொருந்தும். டிஎன்பிஎஸ்சி முடிவு இணையதளத்தில்தான் வரும். நன்றிக் கடிதத்தால் மதிப்பெண் கூடிவிடாது.

ஒப்பந்ததாரர் மூலம் போனவர்கள் முதலில் அவரிடமே கேளுங்கள். அவரைத் தாண்டி ஆலைக்கு எழுதினால் அவருக்குத்தான் முதலில் கோபம் வரும்.