வாட்ஸப்பில் வந்த ஏபிகேவும் எஃப்-டிராய்டும் ஒன்று இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் வேலூர் சத்துவாச்சாரி வாட்ஸப் குழுவில் நடந்தது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகேவை (போனில் செயலியை நிறுவும் ஃபைல்) தொட்டு ஒரு வீட்டில் பணம் போய்விட்டது. அதற்கு ஒரு அண்ணன் போட்ட வாய்ஸ் மெசேஜ்: "ப்ளே ஸ்டோர வுட்டுட்டு வேற எதுனா போட்டா இதான் கதி. நம்ம பையனே தெருவுல பல பேர் போன்ல அந்த மாதிரி ஒண்ண ஏத்தி வெச்சிருக்கான்." அந்தப் பையன் நான்தான். நான் ஏற்றிக் கொடுத்தது எஃப்-டிராய்டு, ப்ளே ஸ்டோர் போலவே செயலிகள் கிடைக்கும் இன்னொரு இலவச ஸ்டோர்.

வாட்ஸப்பில் வந்த ஏபிகேவும் எஃப்-டிராய்டும் ஒன்று இல்லை. பத்திரிகை என்று வருவது யார் செய்ததென்றே தெரியாத ஃபைல். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி நேராகத் திருடன் கைக்குப் போகும். எஃப்-டிராய்டு 2010இலிருந்து இருக்கிறது. மூலநிரல், அதாவது செயலியை எழுதிய நிரல், யாரும் படிக்கும்படி வெளிப்படையாக உள்ள செயலிகளுக்குத்தான் அங்கே இடம். அந்த நிரலைப் பெரும்பாலும் அவர்களே பில்டு செய்து, அதாவது செயலியாக ஆக்கி, டிஜிட்டல் கையெழுத்திட்டுத் தருகிறார்கள். செயலி நம்மை வேவு பார்க்கும் என்றால் அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கும்.

இன்னொன்று. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, வெளியிலிருந்து செயலி போடும் அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி. அந்த வீட்டுப் போனை நான் வாங்கிப் பார்த்தேன், அனுமதி வாட்ஸப்புக்குக் கொடுத்திருந்தது. எஃப்-டிராய்டு அதில் இல்லவே இல்லை. குழுவில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா?

"இணையத்திலிருந்து இறக்கும் செயலிகளில் ப்ளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கு மேல் தீநிரல் (மால்வேர்) என்று கூகுளே சொல்கிறதே" என்பீர்கள். சொல்கிறதுதான். பத்திரிகை ஏபிகே, திருட்டு கேம், மூலநிரல் திறந்த செயலி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி எண்ணினால் அப்படித்தான் வரும். 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200க்கு மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்ததாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. எடுக்கும்வரை அவை அங்கேதானே இருந்தன?

எஃப்-டிராய்டில் குறையே இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அவர்களே பில்டு செய்வதால் பாதுகாப்புத் திருத்தம் சில நாள் பிந்தி வரும். செயலி செய்தவரோடு இவர்களையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேங்க் ஆப், ஜிபே எல்லாம் ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் போடுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்லி வருகிறேன். அதைக் கேட்டவர்கள் குழுவில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை யாரும் வாயைத் திறக்கவில்லை.

குடியாத்தத்தில் என் அத்தை போனில் போட்டோ பார்க்கப் போனால் விளம்பரம், மூடப் போனால் விளம்பரம், "உங்கள் போனில் வைரஸ்" என்று பயமுறுத்தல். பேத்தி போட்டோவைப் பார்க்கவே பயந்தார். எஃப்-டிராய்டிலிருந்து ஃபாஸிஃபை கேலரி என்ற போட்டோ பார்க்கும் செயலியைப் போட்டுக் கொடுத்தேன், தொல்லை நின்றது. அதன் கதையே பெரிது. சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற நல்ல செயலிகளை 2023 கடைசியில் வேறொரு நிறுவனம் வாங்கியது. மூலநிரல் திறந்திருந்ததால் மற்றவர்கள் அதை எடுத்து ஃபாஸிஃபை என்று தொடர்ந்தார்கள். செயலி கைமாறும் ஆபத்து எந்த ஸ்டோரிலும் உண்டு. இங்கே அதற்கு ஒரு மாற்று வழியாவது இருந்தது.

இப்போது அந்த வழிக்கும் ஆபத்து. எங்கிருந்து போட்டாலும் சரி, செயலி செய்தவர் தன்னைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள்காரர்கள் அறிவித்தார்கள். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பரில் தொடக்கம், மற்ற நாடுகளுக்கு 2027 முதல் என்பது திட்டம். எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்றார்கள். திருடனைப் பிடிக்கத்தான் என்கிறார்கள். சரி, பிடிக்கட்டும். என் காசில் வாங்கிய போனில் நான் எதைப் போடலாம் என்று அமெரிக்காவில் உட்கார்ந்து ஒரு கம்பெனி முடிவு செய்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதை வாட்ஸப்பில் கைதட்டி வரவேற்கிறோம், சேண்பாக்கம், காட்பாடி என்று வண்டியில் வந்து இலவசமாகப் போன் சரி பார்த்துக் கொடுத்தவனைத் திருடனுக்குத் துணை என்கிறோம்.

பணம் போன வீட்டுக்காரர் அன்றே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டார், கூட இருந்தது நான்தான். மற்றவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் போய் "தெரியாத ஆப்ஸை நிறுவு" என்ற இடத்தில் வாட்ஸப், குரோம் இரண்டுக்கும் அனுமதியை நிறுத்துங்கள்.

அண்ணா, அந்த வாய்ஸ் மெசேஜை எடுத்துவிடுங்கள். என் அப்பாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.