ஓடலைங்கறது வேற, யாரும் பாக்கலைங்கறது வேற

ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு யோசிச்சிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை நடந்த பஞ்சாயத்து இங்க இருக்கற பாதிப்பேருக்குத் தெரியும், ஸ்கிரீன்ஷாட் வேற சுத்திட்டு இருக்கு, அதனால முழுக்கதையும் திரும்பச் சொல்லலை. கொண்டாடத் தவறிய பத்து படங்கள்னு ஒரு லிஸ்ட், அதுக்குக் கீழ நான் போட்ட ஒரு கமெண்ட், அதுக்கு வந்த பதில். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துது. "ஓடாத படம் ஓடாததுக்கு ஒரு காரணம் இருக்கும் பாஸ். எவனும் கேள்விப்படாத பேரா தேடி எடுத்துட்டு வந்து சொல்றதெல்லாம் ஒரு சீன்." அதுக்கு சிரிப்பு போட்டவங்கள்ல எனக்கு நேர்ல பழக்கமானவங்களே ஏழெட்டு பேர்.

நான் சொன்ன படம் ஏழாவது மனிதன். நீங்க பாத்தீங்களான்னு மரியாதையாத்தான் கேட்டேன். "இல்ல, பாக்கணும்னு தோணலை"ன்னு பதில் வந்துது. அவ்ளோதாங்க. பாக்கலை, ஆனா அது எதனால ஓடலைன்னு தெரியும், அதைச் சொன்ன நான் எதுக்காக சொன்னேன்னும் தெரியும். அன்னைக்கு ராத்திரி என் கமெண்ட்டை நானே அழிச்சிட்டேன். அழிச்சிருக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். ஓடலைங்கறது வேற, யாரும் பாக்கலைங்கறது வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான் எல்லா லிஸ்ட்டும் ஒரே மாதிரி இருக்கு. அன்பே சிவம் 2003ல ஓடலை, உண்மை. எனக்கும் உயிரான படம்தான். ஆனா இன்னைக்கு அதைப் பாக்காதவங்க யாரு? டிவில எத்தனை தடவை வந்துடுச்சு, வசனம் மனப்பாடமா சொல்றவங்க எத்தனை பேர், வருஷா வருஷம் அதைப் பத்தி பதிவு. செல்வராகவனோட ஆயிரத்தில் ஒருவன் கதையும் அதேதான். ஆரண்ய காண்டம் 2011ல வந்தப்ப தியேட்டர்ல ஆள் இல்லை, அப்புறம் ரெண்டு தேசிய விருது வாங்குச்சு, இப்ப சினிமா பேசற எந்தக் கூட்டத்துலயும் அந்தப் பேர் வராம இருக்காது. இதெல்லாம் அன்னைக்குத் தோத்து இன்னைக்கு ஜெயிச்ச படங்கள். சந்தோஷம். ஆனா எல்லாரும் பாத்த படத்தையே கவனிக்கப்படாத படம்னு சொல்லிட்டே இருந்தா, நிஜமாவே கவனிக்கப்படாம கிடக்கற படத்துக்கு எந்த வரிசையில இடம் இருக்கு?

ஏழாவது மனிதன் என்ன படம்னே தெரியாதுன்னு சொல்றீங்க. "காக்கைச் சிறகினிலே நந்தலாலா"ன்னு ஜேசுதாஸ் குரல்ல ஒரு பாட்டு இருக்கே, அது தெரியுமா? தெரியும்ல? அந்தப் பாட்டு இந்தப் படத்துலதான். 1982, பாரதி பிறந்து நூறாவது வருஷம். படத்துல எல்லாப் பாட்டும் பாரதியாரோடது, இசை எல். வைத்தியநாதன், இயக்கம் ஹரிஹரன். நம்ம ரகுவரன் முதன்முதலா ஹீரோவா வந்த படம். சிமெண்ட் ஆலையால பாழாகிற ஒரு ஊரையும் அதை எதிர்த்து நிக்கற ஒருத்தனையும் பத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்ல எடுத்திருக்காங்க. சுற்றுச்சூழல்ங்கற வார்த்தையே அன்னைக்குப் பாதிப்பேருக்குப் பழக்கம் இல்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்குச்சு. பாட்டை மட்டும் உருவி எடுத்து வச்சுக்கிட்டோம், படத்தை அப்படியே விட்டுட்டோம். இதைச் சொன்னா சீனா?

இயக்குநர் ருத்ரய்யா விஷயமும் இதேதான். அவள் அப்படித்தான் 1978 தீபாவளிக்கு வந்துது. கமல், ரஜினி, ஸ்ரீப்ரியா மூணு பேரும் இருந்தும் வந்த புதுசுல எடுபடலை, அப்புறம் மெல்ல மெல்ல பேர் வந்துது. இப்ப அது எல்லா லிஸ்ட்லயும் இருக்கு, இருக்க வேண்டியதுதான். ஆனா அதே மனுஷன் 1980ல கிராமத்து அத்தியாயம்னு ரெண்டாவதா ஒரு படம் எடுத்தார். அதை எத்தனை பேர் பாத்திருக்கோம்? "ஆத்து மேட்டுல"ன்னு ஆரம்பிச்சா மீதிப் பாட்டை நீங்க பாடிடுவீங்க, அது எந்தப் படத்துப் பாட்டுன்னு கேட்டா யோசிப்பீங்க. அதுக்கப்புறம் அவர் படமே எடுக்கலை. 2014ல போய்ச் சேந்துட்டார். மொத்தமே ரெண்டு படம்.

உலகம் முழுக்க இது நடந்திருக்கு. நடிகர் சார்லஸ் லாட்டன் 1955ல தி நைட் ஆஃப் தி ஹண்டர்னு ஒரே ஒரு படம் இயக்கினார், அன்னைக்கு யாரும் சீண்டலை, திரும்ப அவர் எதையும் இயக்கவே இல்லை. இன்னைக்கு சினிமா படிக்கிற பசங்க அதை ஷாட் ஷாட்டா நிறுத்திப் பாக்கறாங்க. ஹிந்தியில குரு தத் 1959ல காகஸ் கே பூல் எடுத்தார், தோத்துது, அதுக்கப்புறம் இயக்குநர்னு தன் பேரைப் போட்டுக்கவே இல்லை. "ஓடாததுக்கு ஒரு காரணம் இருக்கும்"னு ரொம்ப ஈஸியா சொல்லிடறீங்களே, சில சமயம் அந்தக் காரணம் படத்துல இருக்காதுங்க, நம்ம கிட்ட இருக்கும். ஹிட்ச்காக்கோட வெர்டிகோ 1958ல வந்தப்ப பெரிய வரவேற்பு இல்லை, நடுவுல பல வருஷம் யாரும் பாக்க முடியாத நிலைமையிலயும் கிடந்துது, 2012ல சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை உலகம் பூரா விமர்சகர்கள் கிட்ட ஓட்டு கேட்டப்ப அதுவரைக்கும் முதல் இடத்துல இருந்த சிட்டிசன் கேன் படத்தையே தாண்டி முதல் இடத்துக்கு வந்துது. படத்துல ஒரு ஃப்ரேம் கூட மாறலை, பாத்த ஆளுங்கதான் மாறியிருக்காங்க.

இப்ப சில பேர் வருவீங்க. "காசு குடுத்துப் பாக்கறவன் அவனுக்குப் பிடிச்சதைத்தான் பாப்பான், அதைக் கேக்க நீ யாரு"ன்னு. சரிதான். அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. யாரையும் நான் கட்டாயப்படுத்தலை.

"மெதுவா போகுது"ன்னு சொல்றவங்க கிட்டதான் எனக்குப் பேச வேண்டியிருக்கு. பாலு மகேந்திராவோட வீடு படத்தை ஒரு நண்பருக்கு சொன்னேன், அரை மணி நேரத்துல நிறுத்திட்டு எனக்கு ஒரு தூங்கற ஸ்டிக்கர் அனுப்பினார். ஒரு சாதாரண சம்பளக்கார பொண்ணு வீடு கட்டறதுதாங்க கதை. லோன், கான்ட்ராக்டர், செங்கல், சிமெண்ட், ஏமாத்தறவன், கை குடுக்கறவன். வீடு எவ்ளோ மெதுவா எழும்புமோ அவ்ளோ மெதுவாத்தான் படமும் எழும்பும், அதைவிட வேகமா போனா அந்தப் பொண்ணு படற பாடு நமக்கு எப்படி உறைக்கும்? அதுல தாத்தாவா சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டின வீட்டைப் பாக்க வருவார். பெருசா வசனம் எதுவும் கிடையாது. அந்த சுவரைத் தொட்டுப் பாக்கற கை இருக்கே, அந்தக் கைக்காக நான் முழுப் படத்தையும் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன். நண்பர் நிறுத்தின இடத்துக்கு அப்புறம்தான் அந்த சீன் வருது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைச்சது இந்தப் படத்துக்குத்தான்னு சொன்னேன், "விருதுப் படம்னா அப்படித்தான் இருக்கும்"ங்கறார். ஓடலைன்னா மோசம், விருது வாங்கினா போர். அப்ப ஒரு படம் என்னதாங்க பண்ணணும்?

"நீ மேதாவின்னு காட்டிக்கறதுக்கு சொல்றே"ன்னு இன்னொண்ணு. இது நிஜமாவே வலிக்குது, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன்.

எங்கம்மா பெரிய படிப்பெல்லாம் படிக்கலை. அவங்க சின்ன வயசுல ஒரே ஒரு தடவை அந்த நாள் படத்தைப் பாத்திருக்காங்க. 1954ல வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் எடுத்த படம், சிவாஜி, பண்டரிபாய், ஜாவர் சீதாராமன். பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது. ஒரு படத்துக்கு டஜன் கணக்குல பாட்டு வச்ச காலத்துல பாட்டே இல்லாம ஒரு தமிழ்ப் படம். யுத்த காலத்து மெட்ராஸ், ஒரு ரேடியோ இன்ஜினியர் சுடப்படறான், யார் சுட்டாங்கன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. வந்தப்ப ஜனங்களுக்குப் பிடிக்கலை. அம்மா "அந்த ரேடியோ இன்ஜினியர் படம்டா, ஒரு தடவை பாரேன்"னு நான் காலேஜ் படிக்கிறப்ப இருந்து சொல்லிட்டே இருப்பாங்க. பாட்டே இல்லாத கறுப்பு வெள்ளைப் படத்தை எவன் பாப்பான்னு நான் தட்டிக் கழிச்சிட்டே இருந்தேன். பாக்காமலே தீர்ப்பு சொன்னவன் நானும்தான், அதை மறைக்கலை.

பல வருஷம் கழிச்சு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்துது. ஒரு கண்ணுல கட்டு, இன்னொரு கண்ணுல ஏற்கெனவே பார்வை கம்மி, பொழுதே போகலை. என்ன போடட்டும்னு கேட்டேன், அந்தப் பேரைத்தான் சொன்னாங்க. போன்ல போட்டு பக்கத்துல வச்சேன். நான் பாக்கறேன், அவங்க கேக்கறாங்க. துப்பாக்கி சத்தம் கேட்டதும் "இப்ப அவன் முகம் தெரியுதா"ன்னாங்க. தெரிஞ்சுது. அதுக்கப்புறம் வரிசையா சொல்லிட்டே வந்தாங்க, இப்ப இவ திரும்புவா, இப்ப அவன் பொய் சொல்லுவான் பாருன்னு. அம்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு, இடையில ஒரு தடவை கூட திரும்பப் பாக்கலை, ஆனா படம் முழுசா அவங்களுக்குள்ள அப்படியே இருந்துது. இத்தனை வருஷமா அதை என் கிட்ட குடுக்கப் பாத்துட்டே இருந்திருக்காங்க, நான் கை நீட்டலை. முடிஞ்சதும் "நல்லாருந்துதாடா"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பேச வரலை.

அம்மா அன்னைக்கு மேதாவித்தனம் காட்டினாங்களா? தனக்குள்ள இருந்ததை இன்னொருத்தருக்கும் குடுக்கணும்னு நினைச்சாங்க, அவ்ளோதான். நானும் அதைத்தான் பண்றேன். இது உங்களுக்கு சீனா தெரிஞ்சா நான் என்ன சொல்ல.

"எங்கே கிடைக்கும், லிங்க் குடு"ன்னு கேக்கறவங்க மேல எனக்குக் கோவமே இல்லை, நியாயமான கேள்வி. நிறைய படம் நல்ல பிரிண்ட்ல கிடைக்கறதில்லைதான். ஆனா அது எப்படி ஆச்சுன்னும் யோசிங்க. கேக்க ஆள் இல்லாத படத்தை யாரும் பாதுகாக்க மாட்டாங்க. தமிழோட முதல் பேசும் படம் காளிதாஸ், 1931ல வந்தது, இன்னைக்கு ஒரு பிரிண்ட் கூட மிச்சம் இல்லை. சரி அது ரொம்பப் பழசு, விடுங்க. பாலு மகேந்திரா மாதிரி ஒருத்தரே தன்னோட படங்களோட நெகட்டிவ் அழிஞ்சு போனதை நினைச்சு வருத்தப்பட்டுப் பேசிட்டுத்தான் போனார். வீடு எடுத்த மனுஷனுக்கே இந்த கதின்னா மத்தவங்களுக்கு? அரவிந்தன் 1979ல மலையாளத்துல எடுத்த கும்மாட்டி மாதிரி சில படங்களை, பழைய படங்களைப் பாதுகாக்கற ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்காரங்க வெளிநாட்டு அமைப்புகளோட சேந்து மீட்டு எடுத்திருக்காங்க, 2021ல அந்தப் புது பிரிண்ட் வந்துது. யாரோ சில பேர் அந்தப் பேரை விடாம சொல்லிட்டே இருந்திருக்காங்க, அதனாலதான் நடந்துது. அப்படி சொல்லிட்டே இருக்கறவனைத்தான் நீங்க கூடி நின்னு சிரிச்சீங்க.

நான் சொல்ற எல்லாப் படமும் உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்லை. பாத்துட்டுத் திட்டுங்க, குப்பைன்னு சொல்லுங்க, எதனால குப்பைன்னு எழுதுங்க, உக்காந்து படிக்கறேன். ஆனா பாக்காம சொல்லாதீங்க. சிரிப்பு போட்ட என் ஃப்ரெண்ட்ஸுக்கும் சேத்துத்தான் சொல்றேன், உங்க மேல எனக்குக் கோவத்தை விட வருத்தம்தான் ஜாஸ்தி, ஏன்னா உங்கள்ல ரெண்டு பேர் நான் சொன்ன படத்தைப் பாத்துட்டு ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு போன் பண்ணவங்க. அது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கும் இருக்கும்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை ராத்திரி அழிச்ச கமெண்ட்டை இங்க திரும்பப் போடறேன்.

"லிஸ்ட் நல்லாருக்கு. முடிஞ்சா ஏழாவது மனிதனும் சேத்துக்கோங்க, 1982. ரகுவரன் முதன்முதலா ஹீரோவா வந்த படம். காக்கைச் சிறகினிலே அதுலதான் வருது. ஒரு தடவை பாருங்க."