பொய்கைச் சந்தையும் விரிஞ்சிபுரத்து மணிக்கல்லும்

வேலூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் கிளம்புகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது ரெண்டே ரெண்டு: பள்ளிகொண்டா டோல்கேட், ஆம்பூர் பிரியாணி. என்னைக் கேட்டால் கோணவட்டம் தாண்டி செதுவாலை வரைக்கும் உள்ள துண்டுதான் இந்த ரோட்டிலேயே நின்று பார்க்க வேண்டியது. அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில்.

செவ்வாய் என்றால் பொய்கையில் மாட்டுச் சந்தை. விடியற்காலையிலேயே மாடு ஏற்றிய குட்டியானை வண்டிகள் வந்துவிடும். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையிலும் வண்டி வரும், பார்த்துப் போங்கள். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பார்ப்பது வயசுக்கு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து நடு ஜோடி முளைத்தால் ‘ரெண்டு பல்லு’, ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் சேர நாலு, ஐந்து வயதாகிவிடும். அதற்கு மேல் பல் தேய்மானத்தை வைத்து ஊகம்தான். தரகர் சொல்கிற வயசில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். விலையை வாய்விட்டுச் சொல்லாமல், தோள்துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே பேசி முடிப்பார்கள். கறவை மாட்டில் ஏமாறுகிற இடம் மடி. முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் விட்டாலே குடம் மாதிரி தெரியும். நாலு காம்பிலும் பீய்ச்சிப் பாருங்கள். ஒன்றில் திரிதிரியாக வந்தாலும் மடிநோய், வேண்டாம்.

செதுவாலையில் வலப்பக்கம் திரும்பினால் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் சிங்கவாய்க் கிணற்றோடு திரும்பிவிடுகிறார்கள், உள்ளே காலம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாக எண்கள், மேலே பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. ‘கல்லு தப்பாக் காட்டுது’ என்பவர்களுக்கு: நம் கைக்கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, இந்த ஊர் 79-ஐ ஒட்டி. டிகிரிக்கு நாலு நிமிஷம் வீதம் சூரியன் இங்கே 14 நிமிஷம் பிந்தும். அதோடு பூமியின் சுற்றுப்பாதை வட்டமில்லாததும் அச்சின் சாய்வும் சேர்வதால், பிப்ரவரி நடுவில் வித்தியாசம் 28 நிமிஷம் வரை போகும். நவம்பர் தொடக்கத்தில் கல் இரண்டு மூன்று நிமிஷம் முந்திக்கூடக் காட்ட வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

திரும்பும்போது முள்ளுக் கத்தரிக்காய் கண்ணில் பட்டால் வாங்குங்கள். இலவம்பாடிப் பக்கத்துக் காய், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு பச்சையாக இருந்து முள் சுருக்கென்று குத்த வேண்டும். காம்பு வாடியிருந்தால் பழசு. பெருத்த காயில் விதை முற்றியிருக்கும். குழம்புக்குக் காம்பை வெட்டாமல், முள்ளை மட்டும் சீவிவிட்டு நாலாகக் கீறுங்கள். காம்பை எடுத்தால் கொதியில் காய் பிரிந்துவிடும்.