மூன்றிலும் ஒரே படம்

(மதுரையில் ஒரு மாடியறை. வரிக்கணக்கு பார்க்கும் கணேசன், கம்ப்யூட்டர் சர்வீஸ் பாண்டியைக் கூப்பிட்டிருக்கிறார். தேதி 19. மறுநாள் ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள்.)

பாண்டி: அண்ணே, மானிட்டர் மூன்று இருக்கிறது, சிபியு எங்கே?

கணேசன்: இடது மானிட்டரின் முதுகில் பார். நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். டிபன் பாக்ஸ் அளவுதான், முதல் நாள் நானே தேடினேன்.

பாண்டி: சரி, என்ன பிரச்சினை?

கணேசன்: ஒன்றில் கணக்கு எழுதுகிற டேலி, ஒன்றில் ஜிஎஸ்டி போர்ட்டல், ஒன்றில் கட்சிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கோணலாகப் படம் பிடித்து அனுப்புகிற பில். இதுதான் என் ஆசை. ஆனால் மூன்றிலும் டேலியே வருகிறது, தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே சீரியல் ஓடுகிற மாதிரி!

பாண்டி: நடுவில் இந்தக் குட்டிப் பெட்டி?

கணேசன்: ஸ்ப்ளிட்டர். ஒரு எச்டிஎம்ஐ மூன்றாகும் என்றார்கள்.

பாண்டி: ஆகும், ஜெராக்ஸாக. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வெளியே ஒரே ஒரு மானிட்டர்தான் இருக்கிறது. விண்டோஸ் பட்டனோடு பி-யை அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது.

கணேசன்: தெரியும். நேற்று அழுத்திய அழுத்தில் பி எழுத்தே அழிந்துவிட்டது. அப்புறம் முன்பக்க டைப்-சிக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன், அதிலும் படம் இல்லை. செல்போன் மட்டும் நன்றாக சார்ஜ் ஏறுகிறது.

பாண்டி: டைப்-சி என்றால் வெளியே ஓட்டை ஒன்றுதான், உள்ளே வேலை வேறு வேறு. படம் அனுப்பத் தெரிந்த டைப்-சி பக்கத்தில் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் சின்னமோ மின்னல் குறியோ இருக்கும். இதில் இல்லை. விடுங்கள், பின்பக்கம் டிஸ்பிளேபோர்ட் இருக்கிறது, எச்டிஎம்ஐ மாதிரி அதுவும் படம் அனுப்புகிற ஓட்டைதான். 2010-ல் வந்த அதன் 1.2 பதிப்பிலிருந்தே ஒரு கேபிளில் தனித்தனிப் படங்கள் போகும், அதற்கு எம்எஸ்டி ஹப் வேண்டும், என் பையில் இருக்கிறது. ஹப்பில் இரண்டு, எச்டிஎம்ஐயில் ஒன்று.

கணேசன்: ஹப்பும் பிரித்துத்தானே தருகிறது? அதுவும் ஸ்ப்ளிட்டர்தானே?

பாண்டி: ஸ்ப்ளிட்டர், ஒரே இலைக்கு எதிரே கண்ணாடி வைப்பது. இது நிஜமாகவே இன்னொரு இலை போடுவது.

கணேசன்: அப்படியானால் வீட்டு டிவியையும்...

பாண்டி: உங்கள் சிப்பில் மூன்று திரைக்குத்தான் இடம். பந்தி முடிந்தது.

(கேபிள்கள் மாறுகின்றன. மூன்று திரையிலும் மூன்று படம்.)

கணேசன்: அடடா! ஆனால் பாண்டி, மவுஸ் இடது பக்கம் போனால் சுவரில் முட்டுகிறது. வலது கோடியைத் தாண்டினால் இடது மானிட்டரில் முளைக்கிறது.

பாண்டி (மேசைக்கு அடியில், கேபிளைக் கட்டிக்கொண்டே): இடது மானிட்டர் வலது கோடியில் இருப்பதாகக் கம்ப்யூட்டருக்கு நினைப்பு. டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2, 3 என்று கட்டம் இருக்கும், அதை இழுத்து...

கணேசன்: அதற்குப் போய் செட்டிங்ஸ் எதற்கு? அது நினைக்கிற இடத்திலேயே தூக்கி வைத்துவிட்டால் போகிறது.

பாண்டி: அண்ணே, வேண்டாம்! அதன் முதுகில்தானே...

(எல்லாம் இருட்டு.)

கணேசன்: பாண்டி, மறுபடியும் மூன்றிலும் ஒரே படம்.